பழைய பெட்ரோல் காரின் மைலேஜ் 15-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது: எதை முதலில் சோதிப்பது?

நீலக்கார்:

வணக்கம். என்னிடம் இருப்பது பதினைந்து வயதைத் தாண்டிய ஐந்து கியர் மேனுவல் கார், 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வகை. 1,60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. புதிதாக வாங்கிய நாளிலிருந்து நான் ஒருவனே ஓட்டுவதால் அதன் போக்கு எனக்கு அத்துப்படி. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்பது பல ஆண்டுகளாக மாறாத கணக்காக இருந்தது. கடந்த ஓராண்டில் அது சிறுகச் சிறுகக் குறைந்து இப்போது 11-ஐ ஒட்டி நிற்கிறது. திடீரென்று விழுந்திருந்தால் எது உடைந்தது என்று தேடியிருக்கலாம். இப்படிச் சத்தமில்லாமல் இறங்கியதால் எதைச் சந்தேகிப்பது என்றே பிடிபடவில்லை.

இதுவரை ஏர் ஃபில்டரையும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியாயிற்று. எஞ்சின் ஆயில் கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலேயே, உரிய இடைவெளியில் மாற்றப்பட்டு வருகிறது. டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனரையும் விட்டுவைக்கவில்லை. எதனாலும் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. கழற்றிய பழைய பிளக்குகளில் நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் வெளிர் பழுப்பு நிறத்திலும், அதைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மட்டும் மெல்லிய கரிப்படிவுடனும் இருந்தன. எண்ணெய் ஈரம் இல்லை. வண்டியின் இழுவை குறையவில்லை, புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை, டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வெப்பநிலை முள் பாதிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். ஒருநாளும் வண்டி அளவுக்கு மீறிச் சூடானதில்லை.

தொடர்புடையவையா என்று தெரியாவிட்டாலும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்கு முன் டயர்கள் தேய்ந்துபோனபோது 175/65 ஆர்14 அளவுக்குப் பதிலாக 185/65 ஆர்14 போட்டேன். ஏறத்தாழ அதே காலத்தில் அலுவலகம் வீட்டுக்கு அருகில் மாறியதால், முன்பு காலையும் மாலையும் 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 6 கிலோமீட்டரிலேயே நின்றுவிடுகிறது.

வழக்கமாகப் போகும் பணிமனையில் ஆக்சிஜன் சென்சாரை (எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) மாற்றச் சொல்கிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். சோதிக்காமலே ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் எவை, அவற்றை எந்த வரிசையில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுகோல்:

எதையும் கழற்றுவதற்கு முன், அந்த 11 உண்மையான 11 தானா என்று பாருங்கள். எப்படி அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டேஷ்போர்டு காட்டும் சராசரி, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு; அது சில சதவீதம் விலகி நிற்பது சாதாரணம். நம்பத்தகுந்தது பழைய முறைதான். டேங்கை நிரப்புங்கள், பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் அதோடு நிறுத்திக்கொண்டு ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே போனபின் அதே பம்பில், வண்டி அதே திசையில் நிற்க, அதே முறையில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். தரையின் சாய்வாலும் டேங்குக்குள் தங்கிவிடும் காற்றாலும் நிரப்பும் அளவு ஒவ்வொரு முறையும் முன்பின் ஆகும் என்பதால் ஒரே ஒரு நிரப்பலை வைத்து முடிவுக்கு வரக் கூடாது; தொடர்ந்து சில நிரப்பல்களின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் இந்தப் பிழை கரைந்துவிடும். கொஞ்சம் பெட்ரோல் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்து மதிப்பிடுவது கணக்கில் சேராது.

அடுத்தது டயர். 175/65 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். 185/65 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 596 மில்லிமீட்டர். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஆனால் ஓடோமீட்டர் எண்ணுவது சுற்றுகளை மட்டுமே. ஆகவே உங்கள் கார் 102 கிலோமீட்டர் போனால் ஓடோமீட்டர் 100 என்றே காட்டும். நீங்கள் 11 என்று கணக்கிட்டது உண்மையில் 11.2-க்குச் சற்று மேல். சிறிய தொகைதான், ஆனால் ஒரு திருகைக்கூடத் தொடாமல் திரும்பக் கிடைக்கிற தொகை. கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடு ஒரு நீண்ட நேர்ச்சாலையில் ஒப்பிட்டால் உங்கள் வண்டிக்கே உரிய திருத்தம் தெரிந்துவிடும்.

டயரின் அகலமும் ரப்பர்க் கலவையும் மாறும்போது உருளும் தடையும் மாறும். புதிய டயரின் ஆழமான கட்டைகள் தேய்ந்த டயரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இழுத்துப் பிடிக்கும். காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வையுங்கள். ஆனால் அதிலிருந்து அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறைகிறது. காற்றுக் குறைவால் மட்டும் 15 என்பது 11 ஆகிவிடாது.

இன்னொன்று. இனி இதை மைலேஜாக எண்ணாமல், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எண்ணுங்கள். 15 என்பது 6.7 லிட்டர், 11 என்பது 9.1 லிட்டர். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 2.4 லிட்டர் எங்கோ போகிறது. உங்கள் வண்டியில் ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பல காரணங்கள் சேரும்போது லிட்டர்களைக் கூட்டிப் பார்க்கலாம், மைலேஜை அப்படிக் கூட்ட முடியாது.

வேகத்தடை:

பணிமனைக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆக்சிஜன் சென்சார் வயதானால் முற்றிலும் செத்துப்போவதற்கு முன் மந்தமாகிவிடும். எக்ஸாஸ்ட்டில் ஏற்படும் மாற்றத்தைத் தாமதமாகச் சொல்லும். கலவையை எஞ்சின் கம்ப்யூட்டர் அதன் சொல்லை நம்பித்தான் திருத்துகிறது என்பதால், எச்சரிக்கை விளக்கு எரியாமலே பெட்ரோல் கூடுதலாகப் போக வழியுண்டு. இத்தனை தூரம் ஓடிய வண்டியில் அதை மாற்றுவது வீண் செலவாகாது என்பது என் கருத்து. அதற்கு முன் பேட்டரி இணைப்பைச் சிறிது நேரம் கழற்றிக் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருப்பதை அழித்துவிட்டு, ஒரு டேங்க் உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டும் பார்க்கலாம்.

திருப்புளி:

சென்சார் சோர்ந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாற்றிப் பார்ப்பதற்குப் பதில் படித்துப் பார்க்கவே வழி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றும் யோசனையைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். கம்ப்யூட்டர் இத்தனை நாளாகக் கற்றுவைத்திருக்கும் திருத்தங்கள்தாம் நமக்கு இருக்கும் முதல் சாட்சி, அதை நாமே அழித்துவிடுவதில் பொருள் இல்லை. உயர் ஆக்டேன் பெட்ரோலும் வேண்டாம். சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைத்த எஞ்சின் தட்டும் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும்வரை, ஆக்டேன் எண் கூடுவதால் அதற்குக் கிடைப்பது எதுவும் இல்லை.

ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் படிப்பதற்கான செருகுவாய்) செருகி, ப்ளூடூத் வழியே கைப்பேசியில் காட்டும் சிறிய ஸ்கேனர் ஒன்று இருந்தால் போதும். பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஓடும்போது வரும் நேரடி எண்களைப் பாருங்கள். முதலில் ஃப்யூயல் ட்ரிம். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை நோக்கிக் கலவையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத் தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே ட்ரிம். எஞ்சின் சூடானபின் நீண்டகால ட்ரிம் பூச்சியத்தை ஒட்டி, இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. கணிசமாகக் கீழே போனால், கம்ப்யூட்டர் வேண்டாம் என்றும் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்: ஒழுகும் இன்ஜெக்டர், அளவு மீறிய பெட்ரோல் அழுத்தம், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடுவது) போன்றவை. கணிசமாக மேலே போனால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கிறது, அல்லது காற்றளவு சென்சார் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது. அதே திரையில் முன்புற ஆக்சிஜன் சென்சாரையும் பாருங்கள். பழைய கார்களில் இருக்கும் சாதாரண வகையாக இருந்தால், சீரான வேகத்தில் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். அப்படித் துடிப்பாக ஆடினால் அதைத் தொடாதீர்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு கோணம் உண்டு. ட்ரிம் சரியாக இருந்தும் பெட்ரோல் குடிக்கும் வண்டிகள் இருக்கின்றன. அங்கே கலவையில் குறை இல்லை. எஞ்சினைச் செய்ய வேண்டிய வேலைக்கு மேல் வேலை வாங்குகிறோம், அல்லது சூடாகவிடாமல் ஓட்டுகிறோம். உங்கள் பிளக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. கலவை உண்மையிலேயே மிகுந்திருந்தால் பீங்கான் முழுதும் கறுத்திருக்கும். பீங்கான் பழுப்பாக இருந்து வளையம் மட்டும் கறுத்திருப்பது, குளிர்ந்த நிலையிலேயே அடிக்கடி ஓடும் எஞ்சினில் காணக்கூடியது.

ஆகவே கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பாருங்கள். காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பினால் கூலண்ட் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பெரிய வேறுபாடு இருந்தால் கூலண்ட் சென்சாரே பொய் சொல்கிறது. ஒத்திருந்தால் ஓட்டிப் பாருங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைக்கும் வால்வு) நன்றாக இருந்தால் வெப்பநிலை நிற்காமல் ஏறி, பெரும்பாலான எஞ்சின்களில் 85-க்கும் 95 டிகிரி செல்சியசுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் நிலைத்துவிடும். 70-ஐ ஒட்டித் தடுமாறி, சரிவில் இறங்கும்போதோ நெடுஞ்சாலையில் காற்று பலமாக அடிக்கும்போதோ மேலும் இறங்கினால், தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கிறது. டேஷ்போர்டு முள்ளை இதற்கு நம்ப முடியாது. ஓட்டுநரைப் பதற்றப்படுத்தக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் அந்த முள்ளை அகன்றதொரு வெப்ப எல்லை முழுதும் ஒரே இடத்தில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். பி0128 என்ற குறியீடு இந்தக் குறைக்காகவே இருக்கிறது என்றாலும் எல்லாப் பழைய வண்டிகளிலும் அது வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கையே போதும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிவிட்டு, விசிறியிலிருந்து கையையும் துணியையும் தள்ளிவைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். எஞ்சின் பக்கம் தொட முடியாத அளவுக்குச் சூடேறிய பிறகும் அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து அதுவும் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் ஏன் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: குளிர்ந்த சுவரில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் படிந்துவிடுவதால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கூடுதலாகத் தெளிக்கிறது, ஐடில் வேகத்தையும் உயர்த்துகிறது, ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் இந்தக் கட்டம் முடிவதற்குள் அலுவலகம் வந்துவிடுகிறது. வண்டி சூடாகிவிடும் என்று அஞ்சித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் சில பணிமனைகளில் உண்டு; அது மருந்து அல்ல, புதிய நோய்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு சொல். அதை மாற்றியும் பயன் இல்லை என்கிறீர்கள், வியப்பில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்துக்கொண்ட ஃபில்டர் இன்ஜெக்‌ஷன் கார்களின் வேகமெடுக்கும் திறனைக் குறைத்ததே தவிர மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது.

உருளை:

மேலே சொன்னவை எஞ்சினைப் பற்றியவை. வேலை கூடுதலாக வாங்கப்படுகிறது என்று திருப்புளி தொட்டுவிட்டுப் போனதை நான் எடுத்துக்கொள்கிறேன். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இழுவை குறையாமலே பெட்ரோலைத் தின்னும்; தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

முடிந்தவரை பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்திச் சிறிது தூரம் ஓட்டி, இஞ்சின் வேகம் குறையும்படி ஆக்சிலரேட்டரை விட்டு மெல்ல நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கையோ டிரம்மையோ தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஒரே அச்சிலுள்ள இடதும் வலதும் பெரிதாக வேறுபடுவதுதான் இயல்பல்ல.

வேறுபாடு தெரிந்தால், சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றுங்கள். லேசான உரசல் ஒலி குற்றமல்ல. தள்ளிய கையை எடுத்தவுடன் சக்கரம் நின்றுவிட்டால் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. முன் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் கேலிப்பரின் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வழிகாட்டிப் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகிவிடும். ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளிப் பேடும் ஒன்றுபோல் தேயாமல் இருந்தால் அதற்கு அதுவே அடையாளம். அந்த நிலையில் பிளீடர் திருகைச் (பிரேக் எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்ற இருப்பது) சிறிது தளர்த்திப் பாருங்கள்: உடனே சக்கரம் விடுபட்டால் எண்ணெய் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, ரப்பர்க் குழாயோ மாஸ்டர் சிலிண்டரோ காரணம், விடுபடாவிட்டால் கேலிப்பரிலேயே இறுக்கம். பின் டிரம் பிரேக்கில் ஹேண்ட்பிரேக் கேபிளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உறைக்குள் துரு ஏறிவிட்டால் உள்ளே லிவரை இறக்கினாலும் கம்பி முழுதாகத் திரும்பாது.

வீல் அலைன்மென்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். டயரின் கட்டைகள்மேல் உள்ளங்கையை இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும் வழியுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் ரம்பம்போன்ற சுரசுரப்பும் இருந்தால் டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே போகிறது.

சோக்கு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இதைவிடப் பழைய கார்புரேட்டர் வண்டி. ஸ்கேனர் செருக இடமே இல்லை. அதற்கும் இதே வரிசைதானா?

திருப்புளி:

தெர்மோஸ்டாட்டும் பிரேக்கும் உங்களுக்கும் பொருந்தும். அவற்றைத் தவிர, சோக் கேபிளை உள்ளே தள்ளியபின் கார்புரேட்டரின் வாயில் உள்ள தகடு முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் அளவு) ஏறியிருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் (எஞ்சினின் உறிஞ்சலால் நகர்ந்து தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் சவ்வு) கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதன் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்வது தெரிய வேண்டும், உறிஞ்சிய காற்று நிற்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டருக்கும் மதிப்பு உண்டு; கார்புரேட்டருக்குத் தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாது.

நீலக்கார்:

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து முடித்துவிட்டேன். விளைவை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்கேனரில் நீண்டகால ட்ரிம் கூட்டல் 3 சதவீதத்தில் நின்றது. ஆக்சிஜன் சென்சார் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஆகவே பணிமனை சொன்ன மாற்றத்தைக் கைவிட்டேன். காலையில் கூலண்டும் காற்றும் ஒரே வெப்பநிலையைக் காட்டின. ஆனால் அலுவலகம் போய்ச் சேரும்போது கூலண்ட் 60-ஐக்கூடத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் 72 வரை ஏறி, ஒரு நீண்ட சரிவில் 66-க்கு இறங்கியது. அப்போதும் டேஷ்போர்டு முள் வழக்கமான இடத்திலேயே அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குளிர்ந்த நிலையிலேயே வால்வுத் தட்டுக்கும் அதன் விளிம்புக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி. ஓரத்து ரப்பர் ஒருபுறம் பிய்ந்து மடங்கியிருந்தது. புதியதைப் பொருத்தும் முன் அதன் வால்வு வாயில் ஒரு நூலைக் கவ்வவைத்து, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். அதன்மேல் 88 என்று பொறித்திருந்தது. தண்ணீர் அந்த எண்ணை நெருங்கும்வரை இறுக மூடியிருந்து, பிறகு மெல்லத் திறந்து நூலிலிருந்து நழுவியது. இப்போது கூலண்ட் 90-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறது.

பின்பக்க இடது சக்கரம் வலதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தது. தூக்கிச் சுழற்றியபோது அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு டிரம்மின் பின்தட்டுக்கு அருகில் கேபிளைக் கையால் தள்ளியதும் சக்கரம் விடுபட்டது. உறை வெடித்துத் தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடித்திருந்தது. கேபிளையும், மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிட்ட பிரேக் ஷூக்களையும் மாற்றியாயிற்று.

டயர் திருத்தத்தையும் சேர்த்து, நிரப்பி அளக்கும் முறையில், அன்றாட ஓட்டம் இப்போது லிட்டருக்கு 13.4. வெளியூர் போய்வந்த நெடுஞ்சாலை ஓட்டம் தனியாக 16-ஐத் தொட்டது. அன்றாடக் கணக்கில் மிச்சமிருக்கும் குறைவையும் துரத்த வேண்டுமா? காலையில் வண்டியை இயக்கி ஐந்து நிமிடம் நின்றபடி சூடேற்றிய பிறகே புறப்படுவது என் வழக்கம்; அதில் ஏதும் தவறு இருக்கிறதா?

அளவுகோல்:

13.4 என்பது 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர். பழைய 6.7-க்கு இன்னும் 0.8 லிட்டர் பாக்கி. நின்றபடி ஓடும் சிறிய எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எடுத்துக்கொள்ளும், 0.7 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு 0.06 லிட்டர். நாளொன்றுக்கு நீங்கள் ஓடுவது 12 கிலோமீட்டர் என்பதால், 100 கிலோமீட்டருக்கு அது அரை லிட்டர் ஆகிவிடுகிறது. பாக்கியில் பாதிக்கு மேல் வாசலிலேயே தீர்ந்துபோகிறது. அந்த நேரத்தில் ஏசியும் ஓடினால் இன்னும் கூடும். ஆயில் அழுத்தம் வர அரை நிமிடம் போதும். அதன்பின் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் புறப்பட்டுவிடுங்கள், ஓடும்போதுதான் எஞ்சின் விரைவாகச் சூடேறும்.

மிஞ்சுவது குறுந்தூர ஓட்டத்தின் இயல்பு. 20 கிலோமீட்டர் ஓட்டத்தோடு 6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஒப்பிட்டுப் பழைய 15-ஐத் தேடினால் கிடைக்காது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு இடைக்காலத்தில் கூடியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், 10 சதவீதம் கலந்தாலே 3 சதவீதம் அளவுக்கு மைலேஜ் குறையும். நெடுஞ்சாலையில் 16 தரும் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

திருப்புளி:

இன்ஜெக்டர்களைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்தும். செய்த வேலையில் இரண்டை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருந்தால் அது மேல்புறம் நிற்கும்படி பொருத்தியிருக்க வேண்டும், கூலண்ட் நிரப்பும்போது காற்று வெளியேறும் வழி அது. உள்ளே காற்று சிக்கியிருந்தால் அடுத்த சில நாட்களில் மட்டம் இறங்கும். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே மூடியைத் திறந்து நிரப்புங்கள். ஹேண்ட்பிரேக்கில், முதலில் டிரம்முக்குள் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகே கேபிளின் நட்டை இறுக்கியிருக்க வேண்டும். ஷூக்கள் தளர்ந்திருக்கும்போது கேபிளை இழுத்து அந்தத் தளர்வை ஈடுகட்டியிருந்தால், புதிய கேபிளோடும் அதே சக்கரம் மறுபடியும் பிடிக்கத் தொடங்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை தூக்கிச் சுழற்றிப் பாருங்கள்.